சமாதான முகாமின் ஆறாம் நாள்

வீட்டில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். குழந்தைகளுக்குச் சமாதானம் சொல்லிக்கொடுக்கக் கோடை முகாம் நடத்தப் போகிறேன் என்றதும் என் கணவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "நீயா? ஊர்ல வேற ஆளே கிடைக்கலயா?" நானாகப் போய்க் கேட்டு வாங்கிய வேலை இல்லை அது. எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், "லீவுல டீச்சர் சும்மாதான இருக்காங்க" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டுகிறவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு சின்ன மண்டபம் கிடைத்தது. பத்து நாள், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. எங்கள் வேங்கிக்கால் குடியிருப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேர். யாரும் யாரையும் அடிக்க மாட்டோம், கோபம் வந்தால் வாயால் சொல்லுவோம் என்று தினமும் ஒரு உறுதிமொழி. நான் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. நாள்காட்டியில் ஞாயிறுதான் பௌர்ணமி என்று போட்டிருந்ததால் ஞாயிறு மட்டும் விடுமுறை விட்டிருந்தேன். திதி சனிக்கிழமை காலையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதைப் பார்க்கவில்லை. வெளியூர்க்காரர்கள் செய்தால் சிரிக்கலாம். இதே ஊரில் பிறந்து வளர்ந்த நான் செய்தேன், அதுவும் சித்ரா பௌர்ணமிக்கு. பன்னிரண்டு மணிக்கெல்லாம் பாதை நிரம்பி வழிந்தது. வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். "நடந்துதான் வரணும் டீச்சர், லேட்டாவும், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று பெற்றோர் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள்.

கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கரண்ட்டும் போய்விட்டது. வெளியே இருந்தவர்கள் கேட்டைத் தட்டித் தண்ணீர் கேட்டார்கள். உள்ளே பிள்ளைகள் தண்ணீர் கேட்டார்கள். இரண்டு குடமும் காலி. எல்லாரையும்விடச் சின்னவள், ஐந்து வயது, விடாமல் அழுதுகொண்டிருந்தாள். கேட்டைத் திறந்து ஒரு பிள்ளை அந்தக் கூட்டத்தில் கலந்தாலும் போச்சு. அன்று கைதட்டிய அத்தனை பேர் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இரண்டு மணிக்குத் தலைகளை எண்ணினேன். இருபத்தைந்து. மறுபடி எண்ணினேன், இருபத்தைந்துதான். கேட்டில் தாழ்ப்பாள் விலகியிருந்தது.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். நாலு கடை தள்ளி நீர்மோர்ப் பந்தலில் நின்றிருந்தாள், ஒன்பது வயதுப் பெண், இரண்டு கையிலும் டம்ளர். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். மோர் பாவாடை முழுக்கக் கொட்டியது.

"சின்ன பாப்பா அழுதுச்சு மிஸ்" என்றாள். அவள் அழவில்லை.

மற்றவர்கள் கேட் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒருத்தரும் தண்ணீர் கேட்கவில்லை, சண்டை போடவில்லை. ஆறு நாளாக நான் தொண்டை கிழியக் கேட்டும் கிடைக்காத அமைதி. என்னால் அதில் உட்கார முடியவில்லை.

நாலு மணிக்கு அவள் அம்மா வியர்த்து வழிய வந்து சேர்ந்தார். கன்னத்தில் தடம் மறைந்திருந்தது. அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. முகாம் நடக்கும், கடைசி நாள் எனக்குச் சால்வையும் போடுவார்கள். நினைத்தபோதே என் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"நான் உங்க பாப்பாவ அடிச்சிட்டேங்க" என்றேன். "தப்பு என்னுதுதான்."

அவர் முந்தானையால் விசிறிக்கொண்டே சிரித்தார். "அதுக்கென்னங்க டீச்சர், இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம். இவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தி."

அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தப் பெண்ணிடம் குனிந்தேன். "உன்ன அடிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னாள்.

"பரவால்ல மிஸ். அம்மா அடிக்கிற அளவுக்கு வலிக்கல."