உப்புத் தண்ணீரில் மிதந்த நெல்

வேதியியல் ஆசிரியர் வேலை என்பது பாதி நேரம் இல்லாத சாமானை இருப்பதாகப் பாவித்துப் பாடம் நடத்துவது. மீதி நேரம் இருக்கிற சாமானை உடையாமல் பூட்டி வைப்பது. சோதனைக் குழாய் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, அது வருவதற்குள் ஓய்வு பெற்றுப்போன என் இனத்துப் பாவப்பட்டவர்களே, நான் சொல்வது உங்களுக்குத்தான் புரியும்.

எனக்கு முதல் வேலை திருவாரூருக்குத் தெற்கே, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில். கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. வயலில் கூலித் தகராறு ஆரம்பித்திருந்தது. எனக்கோ தனிமம், சேர்மம், கலவை, இவற்றைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றினால் போதும் என்று இருந்தது. எவ்வளவு சின்ன ஆசை பாருங்கள்!

பெயர் மாற்றம்

நான் சேர்ந்த வருடம் புத்தகத்தில் ரசாயனம் போய் வேதியியல் வந்துவிட்டது. மூலகம் தனிமமாகிவிட்டது. நான் தரங்கம்பாடிப் பக்கத்து லூத்தரன் வீட்டுப் பெண். வேதாகமத் தமிழையே மனப்பாடம் செய்தவளுக்கு எந்தத் தமிழும் பயமில்லை. எங்கள் தலைமையாசிரியர் பாடுதான் திண்டாட்டம். ஆயுசு பூராவும் ரசாயனம் நடத்தியவர், வகுப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஒருநாள் அவருக்காகப் பழைய சொல், புதிய சொல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். பெருமூச்சு விட்டார். "பேரை மாத்துனா என்னம்மா? கந்தகத்தைக் கொளுத்துனா அதே நாத்தம்தானே வரப்போவுது?" என்றார்.

காந்தம்

எங்கள் ஆய்வுக்கூடம் என்பது வாசலில் ஒரு பலகை, உள்ளே ஓர் அலமாரி. அலமாரியில் உருப்படியாக இருந்தது ஒரு லாடக் காந்தம். இரும்புத்தூளையும் கந்தகத்தூளையும் கலந்து, காந்தத்தைக் காட்டி, இரும்பை மட்டும் தனியே இழுத்துக் காட்டினேன். வகுப்பே வாயைப் பிளந்தது. உங்களுக்குத் தெரியாததா, இந்த ஒரு சோதனைதான் நம்மைக் கைவிடாமல் காப்பாற்றுவது.

மணி அடித்து எல்லோரும் போன பிறகும் பாக்கியம் மட்டும் நின்றாள். கூலி வேலைக்காரர்கள் குடியிருந்த கீழத்தெருவிலிருந்து பள்ளி இறுதி வகுப்பு வரை வந்த முதல் பெண் அவள்தான். படிப்பில் கெட்டி. இந்த ஒரு பரீட்சையைத் தாண்டிவிட்டால் ஆசிரியர் பயிற்சியில் சேர்த்துவிடலாம் என்று அவளிடமும், அவள் அப்பா காத்தமுத்துவிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவர்களைவிட எனக்குத்தான் அந்த ஆசை அதிகம். காந்தத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் கேட்டாள்: "எங்க வீட்டு அரிசியில கல்லுதான் டீச்சர் கெடக்கு. கல்லுக்கு ஒரு காந்தம் இல்லீங்களா?"

முட்டை சோதனை

தை பிறந்து அறுவடை தொடங்கியிருந்தது. நெல்லிலிருந்து பதரைப் பிரிக்க உப்புக் கரைசல் முறையை நடத்தினேன். விதை நெல்லுக்காக விவசாய இலாகாக்காரர்கள் ஊர் ஊராகச் செய்து காட்டும் அதே முறைதான். வாளித் தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டு, அது மேலே வந்து காலணா அளவுக்குத் தலை காட்டும் வரை உப்பைக் கரைக்க வேண்டும். பிறகு நெல்லைக் கொட்டினால் முற்றிய மணி அடியில் தங்கும், பதர் மிதக்கும். தலைமையாசிரியர் சுத்த சைவம். ஆகவே முட்டையை முந்தானையில் முடிந்து, கடத்தல்காரி மாதிரி உள்ளே கொண்டுபோனேன்.

"நாளைக்கு ஆளுக்கொரு பிடி நெல் கொண்டு வாங்க" என்றேன். கொண்டு வந்தார்கள். முன் வரிசையில் இருந்த நிலக்கார வீட்டுப் பிள்ளைகளின் நெல் கல்லுப்போல அடியில் போய் உட்கார்ந்தது. பாக்கியம் தாவணி முனையை அவிழ்த்துக் கொட்டிய நெல்லில் பாதிக்கு மேல் அப்படியே மிதந்தது. தண்ணீரே தெரியவில்லை. காற்றில் தூற்றும்போது கனத்த நெல் காலடியில் விழும். பதரும் அரைகுறையாய் முற்றிய கருக்காயும் தள்ளிப் போய் விழும். கூலி அளப்பது அந்தத் தள்ளி விழுந்த பக்கத்திலிருந்துதான் என்பது அந்த ஊர் வழக்கமாம். எனக்கு அது தெரியாது. "எந்தக் கடையில வாங்கினே இதை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. "வாங்கல டீச்சர். எங்கப்பாவுக்கு அளந்த கூலி" என்றாள்.

களத்துமேட்டில் ஆய்வுக்கூடம்

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் போய் அதைச் சொன்னதும், காத்தமுத்து ஒரு பானையும் உப்பும் முட்டையுமாகக் களத்துமேட்டுக்கே போய்விட்டார். கூலி அளக்கிற நேரம். எல்லோர் முன்னாலும் முட்டையை மிதக்கவிட்டு, தனக்கு அளந்த நெல்லைப் பானையில் கொட்டினார். மிதந்ததைக் கையால் வழித்து எடுத்து, "இதை எடுத்துக்கிட்டு நெல்லாக் குடுங்க" என்று கேட்டார். களம் கொல்லென்று சிரித்துவிட்டது. பண்ணையாரின் காரியக்காரர் அசரவில்லை. உப்புத் தண்ணீரில் போட்ட நெல்லைப் பண்ணை திரும்ப வாங்காது, அதுதான் உன் கூலி, பானையோடு தூக்கிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். மறுநாள் களத்துக்குக் களம் பானை கிளம்பியது. கூலிக்காரர் சங்கமும் அதைப் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் பண்ணையாரே பள்ளிக்கு வந்தார். பள்ளிக் கமிட்டித் தலைவரும் அவர்தான். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். தன் செலவில் இன்னும் ஓர் அலமாரி வாங்கித் தருவதாகச் சொன்னார். காத்தமுத்து குடும்பத்துக்கு இனி இந்தச் சுற்றுவட்டத்தில் அறுப்பு கிடையாது என்பதையும் அதே குரலில் சொன்னார். நான் எழுந்து, அது என் பாடம், அவர்மேல் என்ன குற்றம் என்று கேட்டேன். பண்ணையார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்படும்போது சொன்னார்: "பாடத்தை நல்லாத்தான் நடத்துறீங்க டீச்சரம்மா. அது பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டாம பாத்துக்குங்க."

வடிதாள்

பிறகு வேலைநிறுத்தம். பண்ணைகள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கின. வரப்பில் அடிதடி. போலீஸ் வந்தது; வந்த போலீஸ் தங்க இடமில்லாமல் எங்கள் பள்ளியில் இறங்கியது. ஆய்வுக்கூடம் சமையல்கட்டானது. முக்காலியில் சோற்றுப்பானை, புனலில் மண்ணெண்ணெய். பீங்கான் கிண்ணத்தில் ஊறுகாய் இருந்ததை நானே கண்ணால் பார்த்தேன். ஓர் ஆசிரியையின் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

அந்த வாரம்தான் கீழத்தெருவில் காத்தமுத்துவின் குடிசையைக் காலி செய்யச் சொன்னார்கள். மனை பண்ணையுடையது. நான் விஷயம் கேட்டு ஓடியபோது கூரைக் கீற்றுகூட இல்லை. வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். பள்ளிக்குத் திரும்பி, என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதேன். அடுப்பங்கரையிலிருந்த கான்ஸ்டபிள் பதறிப்போய் ஒரு தம்ளர் டீ கொண்டுவந்து நீட்டினார். நல்ல மனிதர், சாமான் போனதற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். துணி இல்லாமதான் உங்க வடிதாளை எடுத்தோம். டீத்தூள் இதுல அருமையா நிக்குது, குடிச்சுப் பாருங்க!"

உப்பளம்

ஒரு ஞாயிறன்று காலை ஆராதனைக்குப் போகாமல் வேதாரண்யம் பஸ்ஸில் ஏறினேன். பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. ஆவியாக்கல் என்று கரும்பலகையில் எழுதி, ஸ்பிரிட் விளக்கில் துளி உப்பு காய்ச்சிக் காட்டியிருக்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் வெயிலே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன். கண் கூசியது. பாத்தி நடுவில் பாக்கியம் உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுல தங்கிப் படி. பரீட்சையை மட்டும் எழுதிட்டு வந்துடு" என்றேன். காத்தமுத்து தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு, "கூட்டிக்கிட்டுப் போங்க டீச்சரம்மா, புண்ணியமாப் போவும்" என்றார். அவள்தான் அசையவில்லை. அம்மாவுக்குக் காலெல்லாம் புண், பாத்தியில் இறங்க முடியாது. ஓர் ஆள் குறைந்தால் பாத்தியை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றாள். கையை விரித்துக் காட்டினாள். பேனா பிடிக்கிற விரல்களில்தான் வெட்டு அதிகம். பார்க்கச் சகிக்கவில்லை. அந்தப் பாடத்தை நடத்தாமலே இருந்திருக்கலாம் என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அதற்கு அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. என்மேல் அவள் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான். "அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். நீங்க சொல்லிக் குடுத்ததுல ஒண்ணும் தப்பில்ல. நாங்க அதை ஒப்பிச்ச எடம்தான் தப்பு" என்றாள்.

அதற்குப் பிறகு வேலையில் இருந்த வரைக்கும் அந்தப் பாடத்துக்குப் பிள்ளைகளிடம் நெல் கேட்காமல், விவசாய டிப்போவில் வாங்கித்தான் நடத்தினேன்; முதல்தரமான விதை நெல், பார்க்க வந்த அதிகாரிகள் அத்தனை பேரும் பாராட்டினார்கள், ஒரு பதர்கூட மிதக்கவில்லை.