மல்லிக்குப் போடச் சொன்ன ஊசி

இன்று எங்கள் பூனை மல்லியைக் கூடையில் வைத்து மாட்டு டாக்டரிடம் தூக்கிப் போனேன். "தடுப்பூசி போட்டு வெரசா கூட்டிட்டு வந்திரு" என்று அனுப்பியவர் என் கணவர்.

குடோனில் ஏலக்காய் மூட்டைகளை எலி கடிக்கிறதென்று குரங்கணியிலிருந்து மல்லியைக் கொண்டு வந்தவரும் அவர்தான். எலி ஒழிந்தது. மல்லி மூட்டைகளில் நகம் தீட்ட ஆரம்பித்தது. சாக்குக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பை கிழிந்து காற்றுப் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும். அதன் நகத்தை எடுத்துவிடலாம் என்றார். கூடாது, தீட்டுவதற்குப் பழைய சாக்கு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவோம் என்றேன். சரியென்று தலையாட்டினார்.

டாக்டர் மல்லியின் முன்காலைப் பிடித்துப் பார்த்தார்.

"நகத்தை எடுக்கணும்னு உங்க வீட்டுக்காரரு கம்பவுண்டர்ட்ட போன்ல சொல்லிருக்காரும்மா. நகம் மட்டும் தனியா வராது. விரல் நுனி எலும்போட வெட்டணும். நான் செய்ய மாட்டேன்."

மல்லி பயத்தில் அந்த நகங்களால்தான் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. தூக்கி வந்தவள் நான் அல்லவா.

தடுப்பூசி மட்டும் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்ததும், "ஊசி போட்டாச்சா?" என்றார். கேட்டது என்னிடம். பார்த்தது மல்லியின் முன்காலை.

"போட்டாச்சுங்க" என்றேன்.

இதை எழுதும்போது மல்லி அவர் மடியில் ஏறுகிறது. நகம் இருக்கிறதா என்று நான் சொல்லப்போவதில்லை, அவர் வேட்டி சொல்லட்டும்.

நீங்களும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.