கிளிஃபர்ட் சொன்ன ‘ஃபைன்’

இங்கிலாந்தில் இருக்கும் ஃபிளீட்வுட் என்ற ஊரில் ஒருவர் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால், தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. “ஃபைன்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தமே கிடையாது. கேட்டதற்கு நன்றி, இத்தோடு விடு என்றுதான் அர்த்தம். அதற்குப் பிறகும் இரண்டாவது தடவை கேட்கிறவன் நாகரிகம் தெரியாதவன். கிளிஃபர்ட் ஆர்மராட் எழுபத்தொன்பது வயது வரைக்கும் இந்த ஒரு சொல்லை வைத்தே காலம் தள்ளியவர். டிராம் பணிமனையில் விரல் நசுங்கியபோதும் “ஃபைன்” என்று சொல்லி, துணியைச் சுற்றிக்கொண்டு, வேலை நேரம் முடிந்த பிறகுதான் வீட்டுக்குப் போனார். என்ன மனிதரோ!

அவர் மனைவி ஐரீனுக்கு நினைவு தப்ப ஆரம்பித்து நாலு வருடம் ஆகியிருந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு அடுப்பை அணைக்க மறந்தாள். கடைசியில் கழிவறை எந்தப் பக்கம் என்பதே தெரியாமல் போயிற்று. நனைந்த விரிப்பை மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது எல்லாம் கிளிஃபர்ட் ஒருவரேதான். இடுப்புவலி உயிரை எடுத்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். ஐரீன் கடைசிவரைக்கும் இந்த வீட்டில், தன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

லீட்ஸில் இருந்த மகள் ஜனீன்தான் நகராட்சியோடு மல்லுக்கட்டி, வீட்டுக்கு ஒரு ஆள் வந்து பார்க்க ஏற்பாடு செய்தாள். வருகிறவர்கள் கஷ்டத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். அதை வைத்துத்தான் காலையும் மாலையும் உதவிக்கு ஆள் அனுப்புவார்கள். அந்த ஆள் வருகிற அன்றைக்கு ஜனீனுக்கு லீவு கிடைக்கவில்லை. முதல்நாளே போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

“அப்பா, அந்தப் பொண்ணு எது கேட்டாலும் ஃபைன்னு மட்டும் சொல்லித் தொலைக்காதீங்க.”

“நான் ஏன் சொல்லப்போறேன்?”

“ஏன்னா உங்களுக்கு வேற பேச்சே வராது. நெஞ்சுவலின்னு ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்போ அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“அவங்களே பாவம், மழையில நனைஞ்சு வந்திருந்தாங்க.”

“கடவுளே! இந்த ஒரு தடவை, அம்மாவுக்காக, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கப்பா.”

“சரி சரி, சொல்றேன்” என்றார். சொல்லத்தான் நினைத்திருந்தார், பாவம்.

ஆனால் வெளியாள் வரும்போது வீட்டை அலங்கோலமாகப் போட்டு வைக்க முடியுமா? விடியற்காலையிலேயே எழுந்து தரையைத் துடைத்தார். ஈர விரிப்புகளைச் சுருட்டிக் கொல்லைக் கொட்டகையில் ஒளித்தார். நாற்றம் போக ஜன்னல்களைத் திறந்துவிட்டார். ஐரீனுக்குத் தலை வாரி நீலச் சட்டை போட்டுவிட்டு, தானும் முகம் மழித்து டை கட்டிக்கொண்டார். நல்ல கோப்பைகளை எடுத்து வைத்துத் தட்டில் பிஸ்கட் அடுக்கினார். எந்தக் கஷ்டத்தைக் காட்ட வேண்டுமோ அதையெல்லாம் தன் கையாலேயே துடைத்துவிட்டார் அந்த மனிதர்.

பத்து மணிக்கு பெத்தனி என்கிற சின்னப் பெண் வந்தாள். ஆள் வந்ததும் ஐரீனுக்குப் பழைய மரியாதை எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டது.

“உன் கோட்டு எவ்வளவு அழகா இருக்கு, கண்ணு! உக்காரு, டீ குடி” என்றாள்.

பெத்தனி சிரித்துக்கொண்டே காகிதத்தை விரித்தாள். “ராத்திரி நல்லாத் தூங்குறாங்களா?”

“பரவாயில்ல.”

“குளிக்க வைக்கிறது?”

“அதெல்லாம் பழகிப்போச்சு.”

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். “மிஸ்டர் ஆர்மராட், நிஜமாவே உங்களால சமாளிக்க முடியுதா?”

முடியலம்மா என்று சொல்லிவிடலாம் என்று வாயைக்கூடத் திறந்தார். ஐரீன் பக்கத்தில் உட்கார்ந்து, பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவள் படுக்கையை நனைக்கிறாள் என்று முன்பின் தெரியாத பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

“ஃபைன். நாங்க ரெண்டு பேரும் ஃபைன்” என்றார்.

பெத்தனி எழுதிக்கொண்டாள். இப்போதைக்கு உதவி தேவைப்படவில்லை என்று மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. ஜனீன் போனில் அழுதாள், கத்தினாள். “அந்தப் பொண்ணைத் திட்டாத, நல்ல பொண்ணு” என்றார் கிளிஃபர்ட்.

பிப்ரவரியில் ஐரீனைக் குளியல் தொட்டியிலிருந்து தூக்கும்போது கால் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. எழ முடியவில்லை. ஐரீன் ஈர உடம்போடு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, யாரோ எவரோ என்று தெரியாமலே அவர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். தபால்காரருக்கு அவர் முனகல் கேட்டபோது மத்தியானம் ஆகிவிட்டது.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐரீனை எங்கே இடம் காலியாக இருந்ததோ அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அது மலைகளுக்கு அந்தப் பக்கம், ஒரு ரயிலும் இரண்டு பஸ்ஸும் மாறிப் போக வேண்டிய முதியோர் விடுதி. ஏழு வாரம் கழித்து நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிய கிளிஃபர்ட், அவளைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டார். “உங்களையே பாத்துக்க ஆள் வேணுமே, எப்படி அனுப்புறது?” என்றார்கள். அதோடு முடிந்துபோயிற்று.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதிக்குப் போன் போடுவார். யாராவது ஒரு பெண் எடுப்பாள்.

“ஐரீன் எப்படி இருக்கா?”

“ஃபைன், மிஸ்டர் ஆர்மராட். அவங்க ஃபைன்.”

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எதையெல்லாம் ஒளித்து வைக்கலாம் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? சாப்பிட்டாளா, அழுதாளா, யாராவது அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்களா என்று கேட்கத் துடிப்பார். ஆனால் இரண்டாவது தடவை கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

“நன்றி கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பார்.