சின்னக் கைக்குச் சின்னத் துவக்கு

துவக்குக் கடையில் நிற்கிறவன் முதலில் சிரிப்பை அடக்கப் பழகவேண்டும். குறிபார்க்கப் பழகுவதெல்லாம் பிறகு. புடவைக் கடையிலோ போன் கடையிலோ நின்று கால் வீங்கிய என் சக பாவிகளே, உங்களுக்கு இது விளங்கும். ஜெர்மனியில் ஹம் நகரில் முப்பது வருடம் தொழிற்சாலையில் நின்றேன். பென்ஷன் எடுத்த பிறகு வீட்டில் மனுசியின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்க ஏலாமல் இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன். உண்மையான துவக்கை இடுப்பில் செருகிக்கொண்டு திரிய இந்த நாட்டில் சாதாரண ஆளுக்கு அனுமதி இல்லை. கிடைப்பது காஸ் பிஸ்டல். பெரிதாகச் சத்தம் போடும், கண் எரியப் புகை அடிக்கும். அதைக் கொண்டு திரியவும் பொலிசிடம் ஒரு சின்னப் பத்திரம் எடுக்கவேண்டும்.

அளவுகோல்

முதலாளி ஜெர்மன்காரர், ஆறடி மூன்று அங்குலம். அவர் சிரித்ததை அவருடைய மனைவிகூடக் கல்யாணப் படத்தில்தான் கண்டிருப்பார். வேலை கேட்டுப் போனபோது என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சுவரோடு நிறுத்தி மேலும் கீழும் பார்த்தார். நான் ஐந்தடி ஓர் அங்குலம், ஐம்பது கிலோ. அதிலும் இரண்டு கிலோ சப்பாத்து. ஒரு பிஸ்டலை என் கோட்டுக்குள் வைத்து நடக்கச் சொன்னார். பிறகு இரண்டு, பிறகு நான்கு. ஆறு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏழாவதோடு நடந்தபோது கோயில் தேர்போலக் கிலுங்கினேன், அதோடு நிறுத்தினார்.

துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவன் என்று அகதி விசாரணையில் எழுதிக் கொடுத்தவன் நான். அந்தத் தாளை இனி யாரும் தூசி தட்டக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன். முதலாளி என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "இந்த மனிதனில் ஒளிந்தால் எவனிலும் ஒளியும். திங்கட்கிழமை வா."

எங்கள் ஆள்

ஒருநாள் வந்தவரைப் பார்த்ததும் என் முதுகு தானாக வளைந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் பதினாறு வருடம் என் விசாவுக்கு முத்திரை குத்தியவர், இப்போது ஓய்வில். அவருக்கு என்னை நினைவில்லை. எனக்கு அவருடைய பேனையின் நிறம்கூட நினைவிருக்கிறது. கடையிலேயே சின்னதாக, வெளியில் தெரியாத பிஸ்டல் வேண்டுமென்றார். ஏன் என்றேன். ரயில் நிலையத்தில் வெளிநாட்டவர் கூடிவிட்டார்களாம்.

இடுப்பில் வைத்துக் காட்டினேன். வயிறு அதை விழுங்கிவிட்டது. இரண்டு பேருமாகத் தேடி எடுத்தோம். கொண்டு திரிகிற பத்திரம் எங்கே என்றேன். வீட்டில் இருக்கிறதாம். நான் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, "ஒரு தாள் குறைகிறது, இன்னொரு நாளுக்குப் புது டெர்மின் எடுத்து வாருங்கள்" என்றேன். பத்திரம் பார்க்காமலே விற்கலாம். ஆனால் அவர் எனக்குச் சொன்ன வசனத்தை அவருக்கே திருப்பிச் சொல்லப் பதினாறு வருடம் காத்திருந்தவன் நான். மனிதர் பணிவாகத் தலையாட்டினார். வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்: "நான் உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் எங்கள் ஆள்."

ஏழு சாவி

சுலோசனா வந்தது ஐப்பசிக் குளிர் தொடங்கிய நேரம். நாலடி பத்து அங்குலம். நாற்பத்தைந்து வயதில் முதியோர் பராமரிப்புக்கு அவுஸ்பில்டுங், அதாவது வேலையோடு சேர்ந்த தொழிற்படிப்பு, செய்கிறா. விடிய வீடு வீடாகப் போய்க் கிழவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிற வேலை. முதல் வீட்டுக்குப் போகிற தோட்டப் பாதையில் ஒரு மனிதன் தன் கன்றுக்குட்டி அளவு நாயை அவிழ்த்து விடுவானாம். அது இவவின் நெஞ்சில் பாய, அவன் சிரித்துக்கொண்டு, "அது ஒன்றும் செய்யாது" என்பானாம். பயத்தில் சுற்றுப்பாதையால் போய் இரண்டு தரம் பிந்திவிட்டா. மூன்றாம் தரம் பிந்தினால் வேலையும் இல்லை, படிப்பும் இல்லை என்று கடிதம் வந்திருக்கிறது. பொலிஸ் பத்திரம் கையோடு கொண்டு வந்திருந்தா. சுட அல்ல, சத்தத்துக்கு நாய் ஓடினால் போதுமாம்.

முதல் பிஸ்டலில் விரல் விசைக்கு எட்டவில்லை. இரண்டாவதன் மேல்தகட்டைப் பின்னுக்கு இழுக்க, இவ முன்னுக்கு வந்தா. ரிவால்வர் கைக்குச் சரி, ஆனால் அதன் உருளை கோட்டுக்குள் தேங்காய்போலத் துருத்தியது. கடைசியில் உள்ளங்கை அளவில் ஒன்று பொருந்தியது. எங்கே வைப்பது? கோட்டுப் பைகளில் ஏற்கெனவே கையுறை, கிருமிநாசினி, ஏழு வீட்டுச் சாவி. எல்லாவற்றுக்கும் அடியில் தள்ளினோம். நான் முன்னாலும் பின்னாலும் நின்று பார்த்தேன், மருந்துக்கும் தெரியவில்லை. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். சுலோசனா கண்ணாடியைப் பார்த்துச் சொன்னா: "அண்ணை, நான் பராமரிக்கப் போறனோ, படையெடுக்கப் போறனோ?"

சந்தனம்

நாலாம் நாள் சுலோசனாவின் புருசன் குகன் பிஸ்டலை ஒரு சில்வர் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். விசை அசையவில்லை. பார்த்தால் குழல் வாயில் குங்குமம், விசைக்குள் சந்தனம் காய்ந்து சீமெந்தாகிக் கிடக்கிறது. ஆயுத பூசைக்கு வைத்தவராம். வாழ்க்கையில் முதல்தரம் வீட்டில் உண்மையில் ஓர் ஆயுதம் இருக்கிறபோது அதை விட்டுவிட்டு லப்டொப்புக்குப் பொட்டு வைக்க மனம் வரவில்லையாம்.

முதலாளி அதை மூக்கில் வைத்து முகர்ந்தார். அவருடைய வாழ்நாளில் மணக்கிற பிஸ்டல் அதுதான் முதலாவது. பல்லுத்தேய்க்கும் பிரஷால் நான் சுரண்டச் சுரண்ட, குகன் கொஞ்சமும் அசையாமல் சொன்னார்: "காருக்கும் வைச்சனாங்கள் அண்ணை. அது ஓடுதுதானே?"

அது ஒன்றும் செய்யாது

பிறகு ஒரு மாதம் சுலோசனாவைக் காணவில்லை. வேலை போய்விட்டதோ என்று எனக்குள் ஒரு உறுத்தல். சாமானை விற்றதும் நான், பையின் அடியில் ஒளித்ததும் நான் அல்லவா. வந்தது அவ அல்ல, தடித்த ஒரு மனிதன், கையில் வெறும் நாய்ச் சங்கிலி. தனக்குச் சின்னதாக ஒரு பிஸ்டல் வேண்டுமென்றான். யாரைப் பார்த்துப் பயம் என்று கேட்டேன். ஒரு பெண்ணைப் பார்த்தாம். உயரம் எவ்வளவு என்றேன். தன் நெஞ்சுக்குக் கீழே கையால் காட்டினான்.

தோட்டப் பாதையில் அவள் தன் நாயைப் பார்த்ததும் கோட்டுக்குள் கைவிட்டாளாம். கையுறை வந்தது, சாவி வந்தது, கிருமிநாசினி வந்தது. தேடிய சாமான் மட்டும் வரவில்லை. கடைசியில் ஒரு பொட்டலம் வந்தது. அது கைதவறிக் கீழே விழ, நாய் அதைத் தின்றது. காலைச் சாப்பாட்டுக்குக் கட்டிக்கொண்டுபோன ஆட்டிறைச்சி றோல்ஸ்! அன்றிலிருந்து நாய் இவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளை வேலை வாசல்வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது, அவளும் ஒருநாளும் பிந்துவதில்லை. நாயைத் தா என்று கேட்கப் போனால், அவள் நின்று, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கோட்டுக்குள் கைவிடுகிறாளாம். உள்ளே என்ன இருக்கிறதோ என்று இவனுக்கு வியர்க்கிறதாம்.

நான் சிரிப்பை அடக்கக் குனிந்து மேசைக்கு அடியில் எதையோ தேடினேன். முதலாளி கணக்குப் புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தவில்லை. "பயப்படாதீர்கள்" என்றார். "அந்தப் பெண்மணி ஒன்றும் செய்யமாட்டார்."

இத்தனை காலம் ஒளித்து வைக்கிற ஆயுதம் விற்ற அனுபவத்தில் சொல்கிறேன், சின்னக் கைக்குப் பொருத்தமானது ஆட்டிறைச்சி றோல்ஸ்தான், அதற்குப் பொலிசிடம் பத்திரமும் எடுக்கத் தேவையில்லை.