எவனும் குதிக்கல

குறை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறேன். இந்தப் புத்தி அலுவலக வாசலோடு நின்றிருந்தால் அந்தக் கோடையில் என் மானம் போயிருக்காது.

என் மனைவியின் தம்பி சினிமாவில் சண்டைக்காரன். படாளத்துப் பையன். கதாநாயகன் ஒரு தட்டுத் தட்டினால் பறந்துபோய் விழும் பத்துப் பேரில் ஒருவன் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பொங்கல் முடிந்து, மாமல்லபுரத்துப் பக்கம் கடற்கரையில் ஷூட்டிங் என்று போனவன், இடது தோளில் பெரிய கட்டோடு படூரில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து நின்றான். பைக் சறுக்கிவிட்டது என்றான். அக்காள் அழுதாள், பைக்கைத் திட்டினாள், தம்பியை எங்களோடேயே வைத்துக்கொண்டாள். மே மாதத்தில் கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஆனால் அந்தக் கை தோளுக்கு மேல் எழவில்லை.

அந்தப் படம் வெளியான அன்று காலை, அவன் என்னை மாடிப்படி வரைக்கும் வந்து வழியனுப்பினான்.

"கூட்டத்துல எவனாவது இட்சிட்டா தோளு தாங்காது மாமா. நீ போய்ப் பாத்துகினு வா. அந்தக் கடல் ஃபைட்ட மட்டும் நல்லா கவனி. ஜனங்க இன்னா சொல்றாங்கன்னு கேட்டுகினு வந்து சொல்லு. அட்த்த படத்துக்கு வர்றியான்னு ஃபைட் மாஸ்டர் சாய்ந்தரம் ஃபோன் பண்றேன்னாரு. நைனா டிராக்டர் ஓட்ட வூட்டுக்கு வந்துடுன்றாரு. நீ சொல்றத வெச்சுத்தான் முடிவு பண்ணப் போறேன்."

எங்கள் பக்கம் டிக்கெட் கிடைக்கவில்லை. அடிக்கிற வெயிலில் செங்கல்பட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அந்த மூன்று மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. கதாநாயகன் மீன்பிடி வலையை வீசி ஒரு ஹெலிகாப்டரைப் பிடித்தார். பிடித்ததோடு விடாமல் கரைக்கு இழுத்தார். அவர் நடந்தால் இடி, திரும்பினால் இடி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாலும் இடி. கடல் சண்டை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, அடிவாங்கும் ஒவ்வொருவன் முகத்திலும் மச்சானைத் தேடினேன். அவன் எங்குமே இல்லை. அதற்குள் சிவப்புப் பூப்போட்ட சட்டையில் கதாநாயகன், எரிகிற பாலத்திலிருந்து ஜீப்போடு கிளம்பி, நடுவானில் ஜீப்பை விட்டுவிட்டு, கீழே ஓடுகிற படகில் குதித்தார். தியேட்டரே எழுந்து நின்றது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

வெளியே வந்தால் மைக். இப்போதெல்லாம் முதல் காட்சி விடுவதற்குள் வாசலில் நாலு பேர் மைக்கும் கேமராவுமாக நின்றுவிடுகிறார்கள். மச்சான் கேட்டிருந்தானே என்று நானும் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். "வெறித்தனம்! ஃபைட்டெல்லாம் வேற லெவல்!" என்று ஒரு கல்லூரிப் பையன் கத்தினான். இரண்டு குழந்தைகளோடு வந்த அம்மா, "காது போச்சுப்பா. ஆனா புள்ளைங்க சிரிச்சுதுங்க" என்றார். அடுத்தவர், லாஜிக் பார்க்கிறவனெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்து மைக் என் பக்கம் திரும்பியது.

"ஹெலிகாப்டரை வலை போட்டுப் பிடிச்சீங்க, சரி, போகட்டும். அந்த ஜீப் ஜம்ப்? எல்லாம் கம்ப்யூட்டர் சார்! ஏசி ரூம்ல உக்காந்து மவுஸை நகர்த்தியிருக்காங்க. எவனும் குதிக்கல, எவனுக்கும் அடிபடல. யாரை ஏமாத்துறாங்க?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். உண்மையைச் சொல்கிறேன், பஸ் ஏறும் வரைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கேளம்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் நான் எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தேன். படாளத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ என் பேச்சை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தார்கள். என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிர் ஃபிளாட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மச்சான் பால்கனியில் இருந்தான். கல்லூரிப் பையன் சொன்னதை, அந்த அம்மா சொன்னதை, எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தேன். கேட்டு முடித்துவிட்டுத் தன் ஃபோனை நீட்டினான்.

"படம் வர்ற வரிக்கும் யார்கிட்டயும் காட்டக்கூடாதுன்ட்டாங்க. நீ வந்ததும் உனக்கு மட்டும் காட்டலாம்னு வெச்சிருந்தேன்."

ஆடி ஆடி எடுத்திருந்த வீடியோ. கடலோரத்தில் இரும்புச் சாரம், அதன் மேல் பாலம். ஜீப் கிளம்பியது. சிவப்புப் பூப்போட்ட சட்டையும் ஒட்டுமுடியுமாக, இடுப்பில் கயிற்றோடு ஓர் ஆள் குதித்தான். கயிறு அவனைத் தாமதமாக இழுத்தது. இடது தோள் படகின் விளிம்பில் மோதிய சத்தம் அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. யாரோ மச்சான் பேரைச் சொல்லி அலறினார்கள். அத்துடன் வீடியோ நின்றது.

"அக்காகிட்ட சொல்லிடாத மாமா. அது பைக்குன்னே நெனச்சிகினு இருக்கட்டும்."

கன்னத்தில் யாராவது அறைந்தால் தேவலை என்றிருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே கேட்டான்.

"அத்த வுடு. அந்த ஜம்ப்புக்கு ஜனங்க கை தட்னாங்களா?"

"தட்டினாங்கப்பா. எழுந்து நின்னு தட்டினாங்க. விசில் காதைக் கிழிச்சுது."

"நீ தட்னியா மாமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லப்பா" என்றேன்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். கூடத்தில் என் மனைவி எதிர் ஃபிளாட்டுக்காரம்மாவுக்காக அதை மறுபடி ஓடவிட்டாள். எவனும் குதிக்கல, எவனுக்கும் அடிபடல என்று என் குரல் பால்கனி வரைக்கும் வந்தது. அதே நேரத்தில் அவன் கையிலிருந்த ஃபோன் அடித்தது. மாஸ்டர் என்று எழுத்து மின்னியது. வலது கையில் அதைப் பிடித்தபடி, அடித்து ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை.