வராத மாதிரி போட்டுடுங்க

சதுரங்கப் போட்டிகளுக்கு நடுவராகப் போன பிறகுதான் படித்த ஆண்களுக்கு இத்தனை மாமனார்கள் உண்டென்று எனக்குத் தெரிந்தது. முதல் நாள் ஒரு சின்னப் பெண்ணிடம் தோற்றால் போதும், மறுநாள் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்துவிடும். முன்கூட்டியே சொல்லித் தொலைத்தாலாவது எதிராளிக்கு வேறு ஆளைப் போடலாம். சொல்ல மாட்டார்கள். போனை அணைத்துவிட்டு, ரேட்டிங் என்கிற தரமதிப்பு குறையாமல் காப்பாற்றிக்கொள்வார்கள். இவர்களெல்லாம் வீரர்களாம்.

போன வருஷம் வடகரப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. கடைசிச் சுற்றில் ஓர் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். நிலக்கடலை போடுகிற வீடு. மகளுக்குத் துணையாக வந்து வந்து தானும் ஆட்டம் பிடித்துக்கொண்டவர். ரேட்டிங் உள்ள ஒருவரோடு இன்னும் ஓர் ஆட்டம் ஆடினால் அவருக்கும் முதல்முறையாக ரேட்டிங் கிடைக்கும். எதிரில் உட்கார வேண்டிய கல்லூரி வாத்தியாரைக் காணோம்.

"ஏனுங்க, அவரு வரலீன்னா பாய்ண்டு எனக்குத்தானுங்களே?"

"உங்களுக்குத்தானுங்க. ஆனா ஆடாத ஆட்டம் ரேட்டிங்குக்குச் சேராதுங்க."

"அப்ப அந்தப் பாய்ண்ட வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாமதமாக வருகிறவருக்குத் தருகிற கெடு முடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. எதிரே இருந்த பேக்கரிக்குப் போனேன். வாத்தியார் ஐயா முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தார். மாமனாரைப் பற்றி அவர் ஆரம்பிப்பதற்குள், சொல்லாமல் விலகினால் அடுத்த போட்டியில் சேர்க்க மாட்டோம் என்றேன். அதற்குத்தான் எழுந்தார்.

வந்து ஒருக்களித்து உட்கார்ந்தார். அந்த அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காய்களைத் தட்டித் தட்டி வைத்தார், கடிகாரத்தைக் குறை சொன்னார், மின்விசிறியைக் குறை சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ராணியைப் பறிகொடுத்தார், கொஞ்ச நேரத்தில் ஆட்டத்தையும் விட்டார்.

பிறகு என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "சார், நான் வராத மாதிரி போட்டுடுங்க. அவங்களுக்கு எப்படியும் ஒரு பாய்ண்டுதானே? யாருக்கும் நஷ்டமில்ல."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதாம். இந்த மனுஷன் வகுப்பில் நின்று பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பார் என்று நினைத்தேன். அருவருப்பாக இருந்தது.

நான் வாய் திறப்பதற்குள் பின்னால் நின்றிருந்த அந்த அம்மா பேசினார். குரல் உயரவில்லை.

"வந்தீங்கல்லங்க சார். உக்காந்தீங்க. தோத்தீங்க. அதைய அப்படியே எழுதட்டுங்க."