மடியில் வைக்காத வாழைத்தண்டு

பொன்னாத்தாள் நெருப்பெரிச்சல் கிராமத்தில் பாடினால் திருப்பூர் கடைவீதியில் கேட்கும் என்பார்கள். ஊர்வாய் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். ஆனால் அவள் அழுது பாடினால் கல்நெஞ்சக்காரனும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைப்பான் என்பதில் பொய் கிடையாது. அவள் நாடகக் கம்பெனியில் ராணி வேஷம் கட்டியவள். பாம்பு தீண்டிச் செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ராணி ஒப்பாரி வைக்கும் கட்டத்துக்காகவே ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

அந்தக் கட்டத்துக்கென்று கம்பெனியில் ஒரு முறை உண்டு. வெள்ளைத் துணி சுற்றிய வாழைத்தண்டுதான் பிள்ளை. பாடி முடித்ததும் அதை ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். முகத்து அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழையலாம். எழவு விழாத இடத்தில் ஒப்பாரி வைத்தால் அது தனக்கொரு பிணம் தேடும் என்பார்கள். தண்டைக் கொடுத்துவிட்டால் தேடாது.

அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்த பெண்ணைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, எமனுக்கு ஆசை வராதபடி குப்பாத்தாள் என்று பெயர் வைத்தாள். அத்தோடு நாடகத்தை விட்டாள். சூடு கண்ட பூனை அடுப்பை அண்டுமா? புருஷன் கிட்டுசாமி ஆர்மோனியத்தைப் பரணில் போட்டுவிட்டு லிங்கசாமியின் பனியன் கம்பெனியில் மெஷின் ஓட்டப் போனான். அவள் அங்கேயே பனியன் மடித்துக் கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள்.

அறுபத்துமூன்றாம் வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் லிங்கசாமி மெட்ராஸ் போய்வந்தார். வரும்போதே ஒரு யோசனையையும் கொண்டுவந்தார்.

"பூசையன்னிக்கு நம்ம கம்பெனியிலயே வெச்சுக்கலாம். வேசம் வேண்டாம், திரை வேண்டாம் கிட்டு. ஜமுக்காளத்துல உக்காந்து, மைக் வெச்சு, அந்த நாடகம் பூராத்தையும் பாட்டாவே பாடிப்போடுங்க. பட்டணத்துல இப்ப அதுதானப்பா நாகரிகம்."

பொன்னாத்தாள் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். "பாடறனுங்க. மடியில வெச்சுக்க ஒரு வாழைத்தண்டு மட்டும் வேணுங்க."

"எதுக்கு, பொரியலுக்கா?" என்றார் முதலாளி. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டில் புருஷனிடம் மன்றாடிப் பார்த்தாள். அவன் ஆர்மோனியத்தைத் தூசு தட்டிக்கொண்டிருந்தான். மேடை கிடைத்துவிட்டால் அந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி பிள்ளை ஞாபகம் எங்கே இருக்கும்? "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. மறுக்காப் போய்க் கேட்டு என் மானத்த வாங்காத" என்றான்.

மகளைப் பக்கத்து வீட்டுச் செல்லாத்தாளிடம் விட்டாள். "என்ன ஆனாலும் இவள அங்க மட்டும் கூட்டியாராதீங்க அக்கா." செல்லாத்தாளும் கூட்டிவரவில்லை. ஆனால் கம்பெனிக் கூரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அவர்கள் வீட்டுப் பக்கம் பார்த்திருந்ததை யாரும் நினைக்கவில்லை. அம்மாவின் அழுகை கேட்டு ஆறு வயசுப் பிள்ளை எந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும்?

பொழுது சாய்கிற நேரத்தில் ஒப்பாரிக் கட்டம் வந்தது. அரிதாரம் இல்லாத முகம், அவளே உடுத்தும் சேலை, அவளே வைத்த பொட்டு. காலியாக இருந்த மடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஆரம்பித்தாள். குரல் ஏறியது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு குப்பாத்தாள் வந்தாள். பொரியும் வெல்லமும் ஒட்டிய வாயோடு மேடையேறி, அம்மாவின் கையை நகர்த்திவிட்டு மடியில் தலைவைத்துப் படுத்தாள். அழுது களைத்து வந்த பிள்ளை, படுத்ததும் தூங்கிவிட்டாள்.

இதுவும் ஏற்பாடுதான் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். முன்வரிசையில் லிங்கசாமி மூக்கைச் சிந்தினார். கிட்டுசாமி கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருந்தான். பொன்னாத்தாள் மடியைக் குனிந்து பார்த்தாள். பாட்டை நிறுத்தினாள்.

"எந்திரி கண்ணு. எந்திரி!"

பிள்ளையின் கை துவண்டு விழுந்தது. உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். "எந்திரிடி!" என்று அவள் கத்தியது ஸ்பீக்கரில் ஊரெல்லாம் கேட்டது. நாலாவது அறையில் பிள்ளை வீறிட்டது.

"கச்சேரியக் கெடுத்துப்போட்டியே" என்றான் கிட்டுசாமி. அவள் காதில் வாங்கவில்லை. விடிந்ததும் ஒரு வாழைத்தண்டை வெட்டி நொய்யலாற்றில் விட்டாள். மடியில் வைத்துப் பாடாத தண்டை ஒப்பாரி ஏற்றுக்கொள்ளாது என்று அவளுக்கே தெரியும். ஒப்பாரி பாதியில் நிற்கிறது, அது எங்கோ காத்திருக்கிறது என்ற பயம் அவளை விடவே இல்லை.

அதற்குப்பின் அவள் பாடவில்லை. மகள் எப்போது கண்ணயர்ந்தாலும் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் தட்டி எழுப்புவாள். குப்பாத்தாள் ஒரு தூக்கத்தை முழுதாகத் தூங்காமலே பெரிய பெண்ணானாள். எழவு வீட்டுத் தெருப்பக்கம்கூட அவளை அம்மா விட்டதில்லை.

எழுபத்துநாலில் ஒரு மத்தியானம், பனியன் கட்டின்மேல் சாய்ந்து கண்ணை மூடிய பொன்னாத்தாள் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். "உங்கம்மா குரலாச்சே, பாடு கண்ணு" என்றாள் செல்லாத்தாள். குப்பாத்தாளுக்கு ஒப்பாரியில் ஒரு வரிகூடத் தெரியாது. அம்மாவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கன்னத்தில் பளீரென்று அறைந்தாள்.

"எந்திரிம்மா. எந்திரி!"

பெண்கள் பதறி அவள் கையைப் பிடித்தார்கள். சுவரோரம் நின்ற கிட்டுசாமிதான் அவர்களைத் தடுத்தான்.

"விடுங்க, அடிக்கட்டும். அவங்கம்மா இப்படித்தான் அவளத் தக்க வெச்சா."